மாப்பிள்ளை ஐஸ்

வீட்டு ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் எடுத்து வாருங்கள். சாப்பிட இல்லை, படிக்க. டப்பாவின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். நாற்பதைத் தாண்டியவர் என்றால் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எனக்குத் தெரிவதில்லை.

முதலில் அளவைப் பாருங்கள். அரிசி, பருப்பு, வெண்ணெய், வெங்காயம் எல்லாவற்றையும் எடை போட்டு வாங்குகிறோம். ஐஸ்கிரீமை மட்டும் மில்லிலிட்டரில் வாங்குகிறோம். காரணம் எளிது. உள்ளே காற்று இருக்கிறது. உறைய வைக்கும்போதே அடித்து அடித்துக் காற்றை உள்ளே ஏற்றுவார்கள். தொழிலில் இதற்கு ஓவர்ரன் என்று பெயர். காற்றே இல்லாவிட்டால் ஸ்பூன் இறங்காது என்பதால் இது குற்றமில்லை. ஆனாலும் பி.காம். படித்தவனுக்குக் கண்ணில் படத்தான் செய்யும். சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடுத்தபடியாகக் காற்றுக்கு விலை வைத்து விற்கிற சரக்கு இதுதான்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் இருந்தால் போதும். பால் கொழுப்பு குறைந்தது 10 சதவிகிதம், பால் புரதம் குறைந்தது 3.5 சதவிகிதம் இருக்கவேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 100 மில்லி கப் ஒன்றின் எடை 52, 53 கிராம் இருந்தாலே சட்டத்துக்குத் திருப்தி. அதில் புரதம் எவ்வளவு? இரண்டு கிராம்கூட இல்லை. அரை டம்ளர் பாலில் இதைவிட அதிகம் உண்டு.

ஐஸ்கிரீமை யாராவது புரதத்துக்காகச் சாப்பிடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறார். என் மாமியார்.

அத்தைக்கு வயது 71. எடை 48 கிலோ. சுத்த சைவம். முட்டை வாசற்படிகூட ஏறாது. போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார். காய்ச்சல் போய்விட்டது. போகும்போது வேறு எதையோ சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. நாற்காலியிலிருந்து எழவேண்டுமென்றால் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு முறை முன்னால் ஆடி, 'முருகா' என்று சொல்லித்தான் எழுந்தார். முருகன் எழுப்பிவிட்டான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்பெல்லாம் அவனைக் கூப்பிடாமலேயே எழுந்துகொண்டிருந்தவர்.

"வயசாச்சில்ல, மூட்டு தேய்ஞ்சிருக்கும்" என்றார் அத்தை. நம்மூரில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எது வந்தாலும் மூட்டுதான் பழியை ஏற்கிறது. டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார். தொடையைப் பிடித்துப் பார்த்தார். "மூட்டு பரவாயில்லைம்மா. சதைதான் போயிடுச்சு" என்றார்.

வயதாக ஆகத் தசை கரைவதற்கு சார்கோபீனியா என்று ஒரு பெயர் உண்டு. 1989ல் இர்வின் ரோஸன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். கரைவது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் படுக்கையில் விழுந்தால் வேகம் பிடித்துவிடும். 2007ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் நொடி இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 67. பத்தாம் நாள் அளந்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை என்பதைக் கவனியுங்கள். சும்மா படுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

டாக்டர் இரண்டு மருந்து சொன்னார். ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சி. இன்னொன்று புரதம். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020ல் சொன்ன கணக்கு. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை என்று 2013ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. வயதானவர்களின் உடம்பு புரதத்தைத் தசையாக மாற்றுவதில் சோம்பேறி ஆகிவிடுகிறது. கூடக் கொடுத்தால்தான் வேலை செய்கிறது. அத்தைக்குச் சுமார் 50லிருந்து 55 கிராம்.

அன்று ராத்திரி ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு அத்தையின் ஒரு நாளைப் பேரேட்டில் ஏற்றினேன். இரண்டு வேளை காபியில் உள்ள பால், 6 கிராம். காலையில் இரண்டு இட்லி, 4. மதியம் ஒரு கிண்ணம் சாதம் 4, சாம்பார் 4, பொரியல் 2, மோர் 2. ராத்திரி தயிர் சாதம் 6. ஆக மொத்தம் 28. வரவேண்டியது 50. தினமும் 22 கிராம் துண்டு விழுகிறது. எந்தக் கம்பெனியும் இந்தக் கணக்கோடு இரண்டு வருடம் தாங்காது. அத்தை எத்தனை வருடமாக இப்படி ஓட்டுகிறாரோ!

இதில் அத்தையை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பசி குறையும்போது முதலில் கழற்றிவிடுவது பருப்பையும் பயறையும்தான். 'ராத்திரிக்கு ஒரு கை ரசம் சாதம் போதும்' என்பார்கள். நாமும் பாவம், ஜீரணம் ஆகாது என்று விட்டுவிடுவோம். ரசம் சாதத்தில் வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் மிஞ்சாது.

என் மனைவி களத்தில் இறங்கினாள். பாசிப்பயறு சுண்டல் செய்தாள். "வாய்வும்மா" என்று ஒதுக்கினார் அத்தை. வேர்க்கடலை அவித்துக் கொடுத்தாள். "பல்லுல மாட்டுது." கடையிலிருந்து புரோட்டீன் பவுடர் வாங்கிப் பாலில் கலக்கிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "மருந்து வாடை அடிக்குதுடி" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெற்ற பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்ல எந்த அம்மாவுக்கும் தயக்கம் இருப்பதில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

இங்கேதான் என் பங்கு ஆரம்பம். மாப்பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்து, கிண்ணத்தில் போட்டு, ஸ்பூனோடு கொண்டுவந்து நீட்டினால், தஞ்சாவூர்ப் பக்கத்து மாமியார் எவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? நீட்டுவது ஐஸ்கிரீமாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் காலணா கொடுத்துப் பால் ஐஸ் சாப்பிட்ட தலைமுறை அது.

புதினாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். காய்ச்சலுக்குப் பிறகு அத்தைக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. எது கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்றவர், புதினாத் துவையல் அன்றைக்கு மட்டும் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டார். இரண்டாவது, பனீரும் பால் பவுடரும் சேர்ந்தால் ஒரு பச்சைப் பால் வாடை வரும். அதைப் புதினா அமுக்கிவிடும்.

அத்தையிடம் திட்டத்தைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். "புதினாவுல ஐஸ்கிரீமா? தொட்டுக்க என்ன மாப்பிள்ளை?"

செய்முறைக்கு வருகிறேன். ஆறு கப்புக்கான அளவு இது. பனீர் 200 கிராம், பால் 300 மில்லி, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 50 கிராம், சர்க்கரை 60 கிராம், ஃப்ரெஷ் கிரீம் அல்லது வீட்டுப் பாலாடை 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, காம்பு கிள்ளிய புதினா இலை இரண்டு கைப்பிடி. மெஷின் வேண்டாம், மிக்ஸி போதும்.

வரவைப் பாருங்கள். பனீரில் சுமார் 36 கிராம் புரதம், பாலில் 9, பவுடரில் 17. மொத்தம் 62. ஆறு கப்பாகப் பிரித்தால் கப்புக்குப் பத்து கிராம். கடை ஐஸ்கிரீம் கப்பில் இரண்டுகூட இல்லை என்று பார்த்தோமே, அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஜிம்முக்குப் போகும் பையன் வீட்டில் இருந்தால் அவன் டப்பாவிலிருந்து வாசனை சேர்க்காத வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் போடலாம். கப்புக்கு இன்னும் நான்கு கிராம் ஏறும். சீஸ் செய்யும்போது மிஞ்சும் தண்ணீரைக் காயவைத்து எடுப்பதுதான் அந்தப் பவுடர். ஒரு காலத்தில் கழிவு என்று கொட்டியதை டப்பாவில் அடைத்து நம்மிடம் விற்கிறார்கள். வியாபாரம் என்றால் அது!

முதலில் புதினா. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இலையைப் போட்டு, மனசுக்குள் பதினைந்து எண்ணி, வடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் போடவேண்டும். இலையை அரைத்ததும் கறுக்க வைக்கிற என்ஸைம்கள் அந்தப் பதினைந்து விநாடிச் சூட்டில் செயலிழந்துவிடும். பச்சை நிறம் அப்படியே நிற்கும். இதைச் செய்யாமல் பச்சையாக அரைத்தால் ஐஸ்கிரீம் காக்கி கலருக்குப் போய்விடும். கலர் பொடி எதுவும் வேண்டாம்.

பாலைக் காய்ச்சி ஆறவைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது பவுடரைக் கட்டி இல்லாமல் கரைத்து, சர்க்கரையும் உப்பும் சேர்க்கவும். கடை பனீர் விறைப்பாக இருந்தால் பத்து நிமிஷம் வெந்நீரில் போட்டு மெத்தென்று ஆக்கிக்கொள்ளவும். பிறகு பனீரும் பாலும் கிரீமும் மிக்ஸியில் போய், மாவு மாதிரி நைஸாக அரைபடவேண்டும். ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் இன்னும் ஓட்டுங்கள். புதினாவைப் பிழிந்து, கொஞ்சம் பால் விட்டு அரைத்து, வடிகட்டிச் சேர்க்கவும். இந்தக் கலவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலு மணி நேரம் இருக்கட்டும். அவசரப்பட்டு உடனே ஃப்ரீஸரில் வைக்கவேண்டாம். நன்றாகக் குளிர்ந்த கலவைதான் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் ஐஸ் துகள் சின்னதாக இருக்கும், நாக்குக்குத் தெரியாது.

அதன் பிறகு அகலமான எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீஸரில் வையுங்கள். ஓரமெல்லாம் இறுகி நடுவில் தளர்வாக இருக்கும்போது எடுத்து, உடைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டித் திரும்ப வைக்கவும். இதே மாதிரி இன்னொரு தடவை. கடைக்காரர் மெஷினில் செய்வதை நாம் தவணை முறையில் செய்கிறோம். ராத்திரி முழுக்க இருந்தால் காலையில் தயார்.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஸ்கிரீமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. சர்க்கரை கரைந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது, அதற்கும் கீழே போகவேண்டும். அதனால் ஒரு பகுதி உறையாமலே நின்று ஸ்பூனுக்கு வழி விடுகிறது. கொழுப்பும் காற்றும் அந்த மெத்தென்ற பதத்துக்கு உதவுகின்றன. நாம் சர்க்கரை, கொழுப்பு, காற்று மூன்றையும் குறைத்துப் புரதத்தைக் கூட்டியிருக்கிறோம். ஆகவே இது கல் மாதிரிதான் வெளியே வரும். பத்துப் பதினைந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடவேண்டும். ஒரு கப்புக்குப் பத்து கிராம் சேர்த்த சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூன். பாலிலும் பவுடரிலும் உள்ள பால் சர்க்கரை தனி. நீரிழிவு உள்ளவர்கள் இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. இது விளையாட்டில்லை.

வெளியே வைத்து இளகவிட்டால் ஜில்லென்று இருக்காதே? அத்தைக்கு அதுதான் வசதி, பல் கூச்சம் உண்டு. இங்கே புதினாக் குடும்பத்தின் இன்னொரு குணம் உதவுகிறது. பெப்பர்மின்ட் மிட்டாயைச் சப்பிவிட்டு வாயால் மூச்சு இழுத்துப் பாருங்கள், ஊட்டி தெரியும். உண்மையில் வாயின் வெப்பம் ஒரு டிகிரிகூடக் குறைந்திருக்காது. மென்தால் என்ற பொருள் குளிரை உணரும் நரம்பின் கதவைத் தட்டி, 'குளிர் வந்துட்டுது' என்று பொய் சொல்கிறது. அந்தக் கதவின் பெயர் டிஆர்பிஎம்8. மென்தாலைத் தூண்டிலாகப் போட்டு அதைக் கண்டுபிடித்தவர்கள் டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் என்று இரண்டு பேர். தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஜூலியஸ் அதற்கு முன்பே மிளகாயின் காரத்தை வைத்துச் சூட்டை உணரும் கதவையும் கண்டுபிடித்திருந்தார். தொடுகை, வெப்பம் சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்புகளுக்காக இருவருக்கும் 2021ல் மருத்துவ நோபல். மிளகாய், புதினா இரண்டும் நம் சட்னியில்தான் இருந்தன. என்ன செய்ய?

ஒரு சின்ன விஷயம். நம் மார்க்கெட் புதினாவில் மென்தால் அதிகம் கிடையாது. அதன் மணம் கார்வோன் என்ற வேறொரு பொருளால் வருவது. மென்தாலுக்காக உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் தனியாக ஒரு ஜாதிப் புதினா பயிராகிறது. எண்ணெய் எடுத்துக் கமாடிட்டி சந்தையில்கூட வியாபாரம் நடக்கிறது. ஆகவே அந்த ஊட்டிக் குளிர் வேண்டுமென்றால், சமையலுக்கென்றே விற்கும் பெப்பர்மின்ட் எஸன்ஸ் ஒரு சொட்டு விடுங்கள். ஒரே ஒரு சொட்டு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் புதினா உப்பைப் போட்டுவிடாதீர்கள். அது கிட்டத்தட்ட முழு மென்தால். தலைவலித் தைலத்துக்கு ஆகும், ஐஸ்கிரீமுக்கு ஆகாது.

முதல் நாள் கிண்ணத்தை நீட்டினேன். அத்தை ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். நானும் மனைவியும் பரீட்சை ரிசல்ட் பார்ப்பது மாதிரி நின்றோம்.

"நல்லாதான் இருக்கு மாப்பிள்ளை" என்றார். பிறகு மெதுவாக, "ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார். மாமியார் அல்லவா?

அன்றிலிருந்து மதியம் மூன்று மணிக்கு ஒரு கப். அதில் பத்து கிராம். மிச்சப் பன்னிரண்டுக்கு ஐஸ்கிரீமை நம்பவில்லை. சாம்பாரில் பருப்பு இன்னும் ஒரு கைப்பிடி கூடியது. இட்லிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் பாசிப்பருப்பு தோசை வந்தது. ராத்திரித் தயிர் சாதத்தில் சாதம் குறைந்து தயிர் கூடியது. வாய் ருசி கண்டதும் இதெல்லாம் சண்டை இல்லாமல் உள்ளே போயின. கூடவே காலையும் மாலையும் நாற்காலிப் பயிற்சி. அது இல்லாமல் புரதத்தை மட்டும் கொட்டினால், கொத்தனார் வராத வீட்டில் செங்கல் இறக்கின மாதிரிதான். ஆரம்பத்தில் மூன்று முறை எழுந்தவர், இரண்டரை மாதத்தில் பத்து முறை எழுந்தார். எட்டு முறை கையை ஊன்றாமல். இன்னமும் மாடிப்படி ஏறும்போது முருகன் துணைக்கு வரவேண்டியிருக்கிறது.

செலவு? வாரத்துக்கு ஒரு பாக்கெட் பனீர், கொஞ்சம் பால், பவுடர். பாக்கெட் பனீருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஐஸ்கிரீமுக்கே 18 சதவிகிதம் இருந்த வரி அன்றைக்கு 5 ஆகிவிட்டது. ஆனால் நான் போட்ட கணக்கு அந்த மிச்சத்தைப் பற்றியது இல்லை. வயதானவர்கள் ஒரு தடவை கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆகிற செலவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணத்தைச் சொல்லவில்லை. அதுவரை தானே காபி கலந்து குடித்த மனுஷி, அதன் பிறகு ஒரு டம்ளர் தண்ணீருக்கு யாரையாவது எதிர்பார்த்துக் கிடக்கும் செலவு. எந்தப் பேரேட்டிலும் அதை எழுத இடமில்லை.

ஆகவே ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் அறுபத்தைந்தைத் தாண்டியவர் இருந்தால், இன்றைக்கு அவர் நாற்காலியிலிருந்து எழும்போது பார்த்துக்கொண்டிருங்கள். அவருக்குத் தெரியவேண்டாம். கையை ஊன்றுகிறாரா, ஒரே மூச்சில் எழ முடிகிறதா என்று கவனியுங்கள். ஊன்றினால் மூட்டு என்று முடிவு கட்டாமல் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அப்படியே நேற்று அவர் சாப்பிட்டதை ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிப் பாருங்கள். துண்டு விழுந்தால், அவர் யாருக்கு மறுப்புச் சொல்லமாட்டார் என்று யோசியுங்கள். பேரன், பேத்தி, மருமகள், பக்கத்து வீட்டுக் குழந்தை, யாராவது ஒருவர் இருப்பார். கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஏலக்காய் இரண்டு தட்டிப் போட மறக்கவேண்டாம்.